மஜ்ஜை செல் தனக்கே பாய் விரிக்கும் கதை: மேட்ரிக்ஸ் சுரப்பையும் ஒட்டுதலையும் ஆய்வகத்தில் பார்க்க முழுமையான வழிகாட்டி

எலியின் தொடை எலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையை ஒரு பிளாஸ்டிக் பிளாஸ்கில் ஊற்றி, இரண்டு மூன்று நாள் இன்குபேட்டரில் விட்டுவிடுங்கள். அப்புறம் மீடியத்தை, அதாவது செல் வளரும் சத்துத் திரவத்தை, மாற்றினால் பெரும்பாலான செல்கள் அதோடு போய்விடும். அவை ரத்தமாக வேண்டியவை, மிதந்தே வாழ்பவை. அடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, இரு முனையும் கூர்ந்து நீண்டு படுத்திருக்கும் சில செல்கள் மட்டும் அசையாமல் நிற்கும். மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃப்ரீடென்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் கினிப்பன்றி மஜ்ஜையை வளர்த்து 1970இல் விவரித்தது இந்த மாதிரி செல்கள் கட்டும் கூட்டங்களைத்தான். இன்று இவற்றை ஸ்ட்ரோமல் செல் என்கிறோம். மெசன்கைமல் ஸ்டெம் செல் என்ற பெயர்தான் வெளியில் பிரபலம்.

இந்தச் செல்கள் தரையைப் பிடித்துக்கொள்கின்றன. அதே நேரம் தாங்கள் பிடிக்க வேண்டிய தரையையும் தாங்களே தயாரிக்கின்றன. ஆய்வகத்தில் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். "என் செல் ஃபைப்ரோநெக்டினில் நன்றாக ஒட்டுகிறது" என்று ஒருவர் படம் காட்டுவார். ஃபைப்ரோநெக்டின் என்பது செல்கள் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம். அது நீங்கள் பூசிய ஃபைப்ரோநெக்டினா, சீரத்தில் வந்ததா, அந்தச் செல்லே ஒரு மணி நேரத்தில் சுரந்து போட்டதா என்று கேட்டால் பதில் வராது. சுரப்பு ஒரு கேள்வி, ஒட்டுதல் இன்னொரு கேள்வி. இரண்டையும் கலக்காமல் பார்ப்பது எப்படி என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

மஜ்ஜைக்குள் என்ன இருக்கிறது

எலும்புக்குள் மஜ்ஜை வெறும் குழம்பாக இல்லை. செல்களுக்கு வெளியே பின்னப்பட்ட புரத வலை ஒன்று அதைத் தாங்கி நிற்கிறது. எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸ் என்று வகுப்பில் சொல்வது இதைத்தான். இனிமேல் மேட்ரிக்ஸ் என்றே சொல்கிறேன். வெள்ளிச் சாயத்தில் கறுப்பாகத் தெரியும் மெல்லிய ரெட்டிகுலின் இழைகள் பெரும்பாலும் மூன்றாம் வகைக் கொலாஜன். எலும்பை ஒட்டிய ஓரத்தில் முதல் வகைக் கொலாஜனும் ஆஸ்டியோபான்டினும் இருக்கும். ரத்த நாளச் சுவர்களை ஒட்டி நான்காம் வகைக் கொலாஜனும் லாமினின்களும் இருக்கும். ஃபைப்ரோநெக்டின் ஏறக்குறைய எங்கும் உண்டு. இடையிடையே ஹெப்பரான் சல்ஃபேட் சங்கிலிகள் தொங்கும் புரதங்கள் வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்துவைத்திருக்கும்.

இந்த வலை அளவோடு இருக்கும்வரை யாருக்கும் கவலையில்லை. மைலோஃபைப்ரோசிஸ் நோயில் மெகாகேரியோசைட்டுகள் (தட்டணுக்களை உண்டாக்கும் பெரிய செல்கள்) அதிகமாக வெளியிடும் டிஜிஎஃப்-பீட்டா போன்ற காரணிகள் ஸ்ட்ரோமல் செல்களைத் தூண்ட, வலை தடித்துக்கொண்டே போகும். நோயியல் மருத்துவர்கள் அதை 0 முதல் 3 வரை தரம் பிரிப்பார்கள். முற்றிய நிலையில் ஊசி போட்டு உறிஞ்சினாலும் மஜ்ஜை வராது. பிடி தளர்ந்தால் நடப்பது வேறு. செல் மேட்ரிக்ஸைப் பிடிப்பது இன்டெக்ரின் என்ற மேற்பரப்புப் புரதங்களால், அவைதான் அதன் கைகள். ரத்தச் செல்களின் ஆல்ஃபா-4 இன்டெக்ரினைத் தடுக்கும் நாடலிசுமாப் மருந்தை எடுத்துக்கொள்பவர்களின் ரத்தத்தில், மஜ்ஜையில் தங்கியிருக்க வேண்டிய சிடி34 செல்கள் (ரத்த முன்னோடிச் செல்கள்) கூடுதலாகச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

படி 1: எலும்பிலிருந்து பிளாஸ்குக்கு

நான் எலியை, அதாவது சுண்டெலியை அல்ல, பெரிய ஆய்வக எலியை வைத்தே சொல்கிறேன். சுண்டெலி மஜ்ஜையில் மேக்ரோஃபேஜ்களும் சேர்ந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் போகாது. முதல்முறை செய்பவருக்கு அந்தத் தலைவலி வேண்டாம். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

6 முதல் 8 வார வயதுள்ள எலியின் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் எடுத்து, தசையைச் சுத்தமாக நீக்குங்கள். இரு முனைகளையும் வெட்டி, ஊசி பொருத்திய சிரிஞ்சால் 10 சதவீத சீரம் கலந்த ஆல்ஃபா-எம்இஎம் மீடியத்தை உள்ளே பாய்ச்சினால் மஜ்ஜை ஒரு சிவப்புத் திரியாக வெளியே வந்து விழும். எலும்பு வெளிறித் தெரிந்தால் போதும், அதற்கு மேல் பாய்ச்ச வேண்டாம். திரியை அதே ஊசி வழியே மெதுவாக ஏற்றி இறக்கிக் கலைத்து, 70 மைக்ரான் வலையில் வடிகட்டி, 300 ஜியில் (புவியீர்ப்பைப் போல் 300 மடங்கு விசையில்) 5 நிமிடம் சுழற்றுங்கள்.

எண்ணும்போது ஒரு கவனம். சிவப்பணுக்கள் கண்ணை மறைக்கும். 3 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு துளி கலந்தால் அவை வெடித்துவிடும், நியூக்ளியஸ் உள்ளவை மட்டும் நிற்கும். சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 10 லட்சம் வீதம் போடுங்கள். அதிகமாகத் தோன்றும். ஆனால் மனித மஜ்ஜையில் ஸ்ட்ரோமல் செல் என்பது 10,000 முதல் 1,00,000 செல்களுக்கு ஒன்று என்ற கணக்கு. எலியிலும் அரிதுதான்.

37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு. முதல் 48 மணி நேரம் பிளாஸ்கைத் தொடாதீர்கள். எடுத்து எடுத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒட்டத் தொடங்கியிருக்கும் செல்லுக்கு அந்த ஆட்டம் ஆகாது. மூன்றாம் நாள் மீடியத்தை மாற்றி, பிபிஎஸ்ஸால் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) ஒருமுறை மென்மையாக அலசுங்கள். பத்தாம் நாள் வாக்கில் தனித்தனிக் கூட்டங்கள் கண்ணுக்குத் தெரியும். அருகருகே உள்ளவை ஒன்றையொன்று தொடும் முன் ட்ரிப்சின் (புரதத்தை வெட்டிச் செல்லைக் கிளப்பும் என்சைம்) போட்டு அடுத்த பிளாஸ்குக்கு மாற்றிவிடுங்கள்.

படி 2: ஒட்டியவை எவை

ஒட்டியதெல்லாம் ஸ்ட்ரோமல் செல் ஆகிவிடாது. மனிதச் செல்களுக்கு 2006இல் சர்வதேசச் செல் சிகிச்சைச் சங்கம் வைத்த குறைந்தபட்ச அளவுகோல் இன்றும் பயன்படுகிறது: பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டும், சிடி105, சிடி73, சிடி90 என்ற மேற்பரப்பு அடையாளப் புரதங்கள் இருக்க வேண்டும், ரத்தச் செல்களின் சிடி45, சிடி34 முதலான அடையாளங்கள் இருக்கக் கூடாது, எலும்பாகவும் கொழுப்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறக்கூடியதாக இருக்க வேண்டும். எலிக்கு சிடி90ம் சிடி29ம் உண்டு, சிடி45ம் சிடி11பியும் இல்லை என்று காட்டினால் நடைமுறைக்குப் போதும். சிடி29 என்பது பீட்டா-1 இன்டெக்ரின்தான், பின்னால் வரும் சோதனைக்கு இது உதவும். ட்ரிப்சின் போட்டுப் பிளாஸ்க் மாற்றுவதில், இரண்டாம் மாற்றத்துக்கும் நான்காம் மாற்றத்துக்கும் இடைப்பட்ட செல்களை வைத்தே எல்லாச் சோதனையும் செய்யுங்கள். அதைத் தாண்டினால் செல் பெரிதாகி, தட்டையாகி, சோம்பேறியாகிவிடும்.

படி 3: சுரக்க வைப்பது

சாதாரண மீடியத்தில் விட்டால் செல் ஃபைப்ரோநெக்டினைத் தாராளமாகப் போடும். ஆனால் கொலாஜன் சரியாக வராது. காரணம் வைட்டமின் சி. கொலாஜன் சங்கிலியில் மூன்றில் ஒரு இடம் கிளைசின். மற்ற இடங்களில் புரோலின் நிறைய. அந்தப் புரோலினில் ஒரு பகுதிக்கு ஹைட்ராக்சில் சேர்த்தால்தான் மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறு உடல் வெப்பத்தில் அவிழாமல் நிற்கும். அதைச் சேர்க்கும் என்சைமுக்கு வைட்டமின் சி வேண்டும். மாலுமிகளுக்கு ஸ்கர்வி வந்து ஈறு தளர்ந்ததற்கும், உங்கள் பிளாஸ்கில் கொலாஜன் படியாததற்கும் காரணம் ஒன்றே.

இந்த மூன்று இழைக் கயிற்றின் கட்டமைப்பு வெளிப்பட்டதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் அந்த மாதிரியை வெளியிட்டார்கள். எக்ஸ்ரே படமெடுக்கத் தேவைப்பட்ட தூய கொலாஜன் அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாராகக் கிடைத்தது. தோல் பதனிடுபவர்களுக்குக் கொலாஜன்தான் பிழைப்பு. அவர்களிடம் இல்லாமல் வேறு யாரிடம் இருக்கும்!

சரி, பிளாஸ்குக்கு வருவோம். வெறும் அஸ்கார்பிக் அமிலம் 37 டிகிரி மீடியத்தில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். அஸ்கார்பிக் அமில 2-பாஸ்பேட் என்ற நிலையான வடிவத்தை மில்லிக்கு 50 மைக்ரோகிராம் என்ற அளவில் சேருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 20,000 செல்கள் போட்டு, இடைவெளியில்லாமல் நிறைந்த நாளிலிருந்து இதைத் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புது மீடியத்தோடு கொடுத்துவாருங்கள். அஸ்கார்பிக் அமிலம் இல்லாத ஆல்ஃபா-எம்இஎம்மில், வைட்டமின் சி சேர்க்காத பிளேட் ஒன்றையும் பக்கத்திலேயே வளர்த்துவாருங்கள். கடைசியில் அதுதான் உங்களுக்குச் சாட்சி.

முதல் ஓரிரு நாளில் வலையாவது ஃபைப்ரோநெக்டின். இது தானாகப் பின்னிக்கொள்வதில்லை. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஆல்ஃபா-5 பீட்டா-1 இன்டெக்ரின் அதைப் பிடிக்கிறது, செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் இழைகள் அந்தப் பிடியை இழுக்கின்றன. இழுபட்டதும் மூலக்கூறில் மடிந்து மறைந்திருந்த இடங்கள் வெளியே வருகின்றன, அங்கே அடுத்த மூலக்கூறு வந்து சேர்கிறது. ஆக, ஒட்டுதல் இல்லாமல் சுரந்தது வலையாகாது. அடுத்த சில நாளில் முதல் வகைக் கொலாஜன் இந்த ஃபைப்ரோநெக்டின் வலையைப் பற்றிக்கொண்டே படிகிறது. ஃபைப்ரோநெக்டின் பின்னலைத் தடுத்தால் கொலாஜனும் ஒழுங்காகப் படியாது. வெளியே வரும் புரோகொலாஜனின் வால்களை என்சைம்கள் வெட்ட வேண்டும், லைசில் ஆக்சிடேஸ் குறுக்குப் பிணைப்புப் போட வேண்டும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். 7 நாளில் மெல்லிய பாய், 14 நாளில் கெட்டியான பாய்.

படி 4: கண்ணால் பார்ப்பது, அளப்பது

4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் நிலைப்படுத்தி, 1 சதவீத ஆல்புமினால் மூடி, ஆன்டிபாடி போடுவது எல்லோரும் அறிந்ததுதான். பலர் பழக்க தோஷத்தில் இடையில் ட்ரைட்டன் என்ற சோப்புக் கரைசலும் ஊற்றிவிடுகிறார்கள். செல் சவ்வில் ஓட்டை விழுந்ததும் கொலாஜன் ஆன்டிபாடி உள்ளே போய், நியூக்ளியஸைச் சுற்றி எண்டோபிளாஸ்மிக் வலையில் பாதி வழியில் நிற்கும் கொலாஜனிலும் ஒட்டிக்கொள்ளும். படம் பளபளவென்று இருக்கும், ஆனால் அது கிடங்கில் இருக்கும் சரக்கு, வெளியே போன சரக்கு இல்லை. வெளியே பின்னப்பட்டதைப் பார்க்க ட்ரைட்டன் இல்லாமல் ஒரு பிளேட், உள்ளே இருப்பதைப் பார்க்க ட்ரைட்டனோடு ஒரு பிளேட் என்று இரண்டும் எடுங்கள். வைட்டமின் சி கொடுக்காத செல்களில் உள்ளே ஒளி, வெளியே இருட்டு என்று வந்தால் சோதனை சரியாக நடந்திருக்கிறது.

இன்னொரு பொறி சீரம். கன்றுச் சீரத்தில் மாட்டு ஃபைப்ரோநெக்டின் இருக்கிறது. உங்கள் செல் அதையும் எடுத்துத் தன் வலையில் பின்னிக்கொள்ளும், வேறுபாடு பார்க்காது. எலிப் புரதத்தை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஜெலட்டின் பூசிய மணிகள் நிரம்பிய குழாய் வழியே சீரத்தை ஓட்டி ஃபைப்ரோநெக்டினை நீக்கிவிட்டு வளருங்கள். செல்லே போடாமல் சீரம் மீடியம் மட்டும் ஊற்றிவைத்த கிணறு (பிளேட்டின் சிறு குழி) ஒன்றையும் எப்போதும் சேர்த்துச் சாயமேற்றுங்கள். அதில் எவ்வளவு ஒளிர்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் அதை விடவே மாட்டீர்கள்.

எண்ணாகத் தெரிய வேண்டுமானால், கொலாஜனுக்குச் சிரியஸ் ரெட் மலிவான வழி. நிறைவுற்ற பிக்ரிக் அமிலத்தில் 0.1 சதவீதச் சாயம், ஒரு மணி நேரம், பிறகு நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் அலசல், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் சாயத்தைக் கரைத்து 540 நானோமீட்டரில் படித்தல். பிக்ரிக் அமிலத்தைக் காயவிடாதீர்கள், உலர்ந்தால் வெடிக்கக்கூடியது. ஃபைப்ரோநெக்டினுக்கு டிஆக்சிகோலேட் சோதனை இருக்கிறது. தனியாக மிதக்கும் ஃபைப்ரோநெக்டின் 2 சதவீத டிஆக்சிகோலேட்டில் கரைந்துவிடும், வலையாகப் பின்னப்பட்டது கரையாது. இரண்டு பகுதிகளையும் தனித்தனியாக வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடியால் புரதத்தை அளக்கும் முறை) ஓட்டினால், எவ்வளவு சுரந்தது, அதில் எவ்வளவு வலையாயிற்று என்ற இரண்டும் தெரியும். ஒரே ஒரு அளவீடு செய்யத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

படி 5: செல்லை நீக்கிப் பாயை மட்டும் வைத்துக்கொள்வது

செல் பின்னிய பாயில் வேறு செல்லை உட்கார வைத்துப் பார்க்க ஆசைப்பட்டால், முதலில் குடியிருப்பவரை வெளியேற்ற வேண்டும். பிபிஎஸ்ஸில் 0.5 சதவீத ட்ரைட்டன் எக்ஸ்-100, 20 மில்லிமோலார் அம்மோனியம் ஹைட்ராக்சைடு கலந்து, 37 டிகிரிக்குச் சூடாக்கி, பிளேட்டின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தால், செல்கள் குமிழ் குமிழாகக் கரைய, பின்னால் மெல்லிய நூல்களின் பின்னல் தெரியவரும். சுமார் 5 நிமிடத்தில் முடிந்துவிடும். டிஎன்ஏ பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தால் டிஎன்ஏஸ் கொடுத்து, நாலைந்து முறை அலசுங்கள்.

என் முதல் மூன்று பிளேட்டுகள் இந்தக் கட்டத்தில்தான் போயின. பதினாலு நாள் வளர்த்த பாய், ஒரு பைபெட் வேகமாக அழுத்தியதில் ஓரத்திலிருந்து கிளம்பி, பாலாடை மாதிரி சுருண்டு நடுவில் வந்து நின்றது. அதைத் திரும்ப விரிக்க யாராலும் முடியாது. செல் போடுவதற்கு முன்பே பிளேட்டில் மெல்லிய ஜெலட்டின் அல்லது ஃபைப்ரோநெக்டின் பூச்சு ஒன்று கொடுத்துவிட்டால் பாய் தரையோடு கட்டுண்டு நிற்கும். திரவத்தை உறிஞ்சும்போது முழுவதும் வற்றவிடாமல், எப்போதும் ஒரு மெல்லிய படலம் மிச்சம் வையுங்கள்.

படி 6: ஒட்டுதல் சோதனை

இனி மற்றக் கேள்வி. இங்கே செல்லுக்குச் சுரக்க அவகாசமே கொடுக்கக் கூடாது.

முதலில் பிளேட். செல் வளர்ப்புக்கென்று பதப்படுத்தாத 96 கிணறு பாலிஸ்டைரின் பிளேட் வேண்டும். வளர்ப்புப் பிளேட்டை எடுத்தால் செல் அதிலேயே ஒட்டும். அதைத்தானே அந்தப் பிளேட் செய்ய வேண்டும்! நான் ஒருமுறை அவசரத்தில் அலமாரியில் கைக்கு வந்ததை எடுத்துச் செய்துவிட்டு, வெறும் ஆல்புமின் கிணறும் ஃபைப்ரோநெக்டின் கிணறும் சாயமேற்றிய பின் ஒரே நீலமாக இருப்பதைப் பார்த்து, ஒரு வாரம் ஆன்டிபாடியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பூச்சு அளவுகள்: ஃபைப்ரோநெக்டினும் லாமினினும் மில்லிக்கு 10 மைக்ரோகிராம், விட்ரோநெக்டின் (சீரத்திலுள்ள இன்னொரு ஒட்டும் புரதம்) 5, முதல் வகைக் கொலாஜன் 50. கொலாஜனை மட்டும் 0.02 நார்மல் அசிட்டிக் அமிலத்தில் கரைத்துப் பூசுங்கள், நடுநிலை பிபிஎஸ்ஸில் கலந்தால் கட்டிக்கொள்ளும். செல் போடும் முன் அந்த அமிலத்தை நன்றாக அலசிவிட வேண்டும். லாமினினை ஐஸிலேயே மெதுவாக உருகவிடுங்கள். ஃபைப்ரோநெக்டினை ஒருபோதும் வோர்டெக்ஸில் வைக்காதீர்கள், குலுக்காதீர்கள். படி 3இல் சொன்னேனே, இழுத்தால் பின்னிக்கொள்ளும் என்று. அந்தக் குணம் குழாய்க்குள்ளும் மாறாது. குலுக்கிய குழாயை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வெள்ளை நூல்கள் மிதக்கும். அதற்குப் பிறகு கிணற்றில் போவது நீங்கள் நினைத்த அளவு இல்லை. 37 டிகிரியில் ஒரு மணி நேரம் அல்லது 4 டிகிரியில் இரவு முழுவதும் பூச்சு பிடிக்கட்டும்.

பிறகு 1 சதவீத ஆல்புமினால் மிச்ச இடத்தை மூடுங்கள். ஆல்புமினை 85 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி ஆறவைத்துப் பயன்படுத்தினால் பின்னணி நன்றாகக் குறையும். ஆல்புமின் மட்டும் உள்ள கிணறு உங்கள் சுழியம். பாலி-லைசின் பூசிய கிணறு இன்னொரு முனை. அங்கே செல் மின்னூட்டத்தால் ஒட்டும், இன்டெக்ரின் தேவையில்லை.

செல்லைக் கிளப்பும் முறையில்தான் பாதி வெற்றி. ட்ரிப்சின் மேற்பரப்புப் புரதங்களையும் சேர்த்துக் கத்தரிக்கும். குறைந்த நேரம் கொடுத்து, சோயா ட்ரிப்சின் தடுப்பானால் நிறுத்தி, செல்லை மிதக்கவிட்டு 30 நிமிடம் இளைப்பாற வையுங்கள். ட்ரிப்சினைச் சீரத்தால் நிறுத்தும் பழக்கம் இங்கே உதவாது, அதில் ஃபைப்ரோநெக்டினும் விட்ரோநெக்டினும் கூடவே வந்துவிடும். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ மட்டும் வைத்துக் கிளப்ப முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதை முழுதும் கழுவிவிட வேண்டும், இன்டெக்ரினுக்குக் கால்சியமும் மெக்னீசியமும் இல்லாமல் பிடி கிடையாது. சீரமில்லாத மீடியத்தில் இரண்டு முறை அலசி, கிணற்றுக்கு 20,000 செல்கள், 100 மைக்ரோலிட்டரில் போடுங்கள்.

போட்டதும் இன்குபேட்டருக்கு ஓடாதீர்கள். மேசை மேல் ஐந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும், செல்கள் சமமாக இறங்கும். பிறகு 37 டிகிரியில் 30 நிமிடம், அதிகபட்சம் ஒரு மணி நேரம். அதற்கு மேல் போனால் செல் தன் சொந்தச் சரக்கை இறக்கத் தொடங்கும், சோதனை படி 3ஆக மாறிவிடும். நீண்ட நேரம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சைக்ளோஹெக்சிமைடு மில்லிக்கு 20 மைக்ரோகிராம் முன்கூட்டியே கொடுத்துப் புதுப் புரதம் உருவாவதை நிறுத்துங்கள். 20 நிமிடம், 60 நிமிடம், 3 மணி நேரம் என்று மூன்று வேளை, சைக்ளோஹெக்சிமைடு கொடுத்தும் கொடுக்காமலும் ஆல்புமின் கிணற்றில் மட்டும் செய்து பாருங்கள். மருந்தில்லாத கிணற்றில் ஒட்டியவை நேரத்தோடு ஏறி, மருந்துள்ள கிணற்றில் அந்த ஏற்றம் குறைந்தால், செல் தானே விரித்த பாயின் அளவு அந்த இடைவெளியில் இருக்கிறது.

அலசும்போது கால்சியமும் மெக்னீசியமும் உள்ள பிபிஎஸ், கிணற்றின் சுவரோரமாக, மூன்று முறை. ஒரே ஆள், ஒரே வேகம். நிலைப்படுத்தி, 0.1 சதவீத கிறிஸ்டல் வயலட் 20 நிமிடம், குழாய்த் தண்ணீரில் அலசல், 10 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து 590 நானோமீட்டரில் படித்தல். தெரிந்த எண்ணிக்கையில் செல்களைப் போட்டு அலசாமல் நிலைப்படுத்திய கிணறுகள் சில இருந்தால், நிற அளவைச் சதவீதமாக மாற்றிக்கொள்ளலாம். சாயத்தைக் கரைக்கும் முன் ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள். உருண்டையாக உட்கார்ந்திருப்பதும் கால் நீட்டிப் பரவியிருப்பதும் நிற அளவில் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பாலி-லைசினில் செல் உருண்டையாகவே இருக்கும், ஃபைப்ரோநெக்டினில் அரை மணி நேரத்தில் பரவத் தொடங்கும்.

படி 7: எந்தக் கை பிடித்தது

ஃபைப்ரோநெக்டினில் செல் பிடிக்கும் இடம் மூன்றே அமினோ அமிலங்கள்: அர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம். எழுத்துகளைச் சேர்த்து ஆர்ஜிடி. மைக்கேல் பியர்ஷ்பேக்கரும் எர்க்கி ருவோஸ்லாட்டியும் 1984இல் இதைக் காட்டினார்கள். அவ்வளவு பெரிய புரதத்தில் இத்துனூண்டு இடம். அந்தத் துண்டைப் பெப்டைடாக வாங்கி மில்லிக்கு 0.5 மில்லிகிராம் அளவில் செல்லோடு கலந்தால் இன்டெக்ரினின் கை நிரம்பிவிடும், தரையைப் பிடிக்காது. அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் குளுட்டாமிக் அமிலம் வைத்த ஆர்ஜிஈ பெப்டைடு உங்கள் போலி மருந்து. அது தடுக்கக் கூடாது. விட்ரோநெக்டினிலும் ஆர்ஜிடிதான், அங்கே பிடிப்பது ஆல்ஃபா-வி வகை இன்டெக்ரின்கள்.

கொலாஜன் வேறு மாதிரி. ஆல்ஃபா-1 பீட்டா-1, ஆல்ஃபா-2 பீட்டா-1 ஆகியவை முறுக்கிய கயிற்றின் மேற்பரப்பிலுள்ள வேறொரு வரிசையைப் பிடிக்கின்றன. ஆகவே நல்ல கொலாஜனில் ஆர்ஜிடி பெப்டைடு ஒட்டுதலைத் தடுக்காது. தடுத்துவிட்டது என்றால் மகிழ்ச்சியடையாதீர்கள், பாட்டிலைச் சந்தேகப்படுங்கள். கொலாஜன் சூட்டில் கயிறு அவிழ்ந்து ஜெலட்டினாகிவிட்டால், உள்ளே மறைந்திருந்த ஆர்ஜிடி வெளியே வந்து அந்தப் பெப்டைடுக்குக் கட்டுப்பட்டதாகிவிடும். மேசை மேல் மறந்துபோன கொலாஜன் பாட்டிலைக் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

பீட்டா-1ஐத் தடுக்கும் ஆன்டிபாடி மேற்சொன்ன பெரும்பாலான பிடிகளைத் தளர்த்தும். விட்ரோநெக்டினில் அதிகம் அசையாது. வாங்கும்போது எந்த விலங்கின் இன்டெக்ரினைத் தடுக்கும் என்று பார்த்து வாங்குங்கள். மனிதனுக்குச் செய்தது எலியில் ஒட்டக்கூட மாட்டாமல் இருக்கலாம், ஒட்டினாலும் தடுக்காமல் இருக்கலாம்.

படி 8: மிதப்பவற்றுக்கும் பிடி உண்டு

மூன்றாம் நாள் கழுவிக் கொட்டிய அந்த ரத்தச் செல்களும் மேட்ரிக்ஸைப் பிடிப்பவைதான். பிடி பலவீனம், அவ்வளவுதான். ஃபைப்ரோநெக்டினில் ஆர்ஜிடிக்குத் தள்ளி சிஎஸ்-1 என்றொரு பகுதி இருக்கிறது. ரத்த முன்னோடிச் செல்களின் ஆல்ஃபா-4 பீட்டா-1 அதைப் பிடிக்கிறது. அதே இன்டெக்ரின் ஸ்ட்ரோமல் செல்லின் மேலுள்ள விகேம்-1 என்ற புரதத்தையும் பிடிக்கும். ஆர்ஜிடி, சிஎஸ்-1 ஆகிய இரண்டு பிடிகளையும் ஹெப்பாரின் பிடிக்கும் பகுதியையும் சேர்த்துச் செய்த ஃபைப்ரோநெக்டின் துண்டு ரெட்ரோநெக்டின் என்ற பெயரில் விற்கிறது. மரபணுச் சிகிச்சை ஆய்வகங்களில் வைரஸையும் ரத்த ஸ்டெம் செல்லையும் ஒரே இடத்தில் கட்டிப்போட அதைப் பிளேட்டில் பூசுகிறார்கள்.

இந்தச் செல்களைப் படி 6 மாதிரி அலசினால் ஒன்றும் மிஞ்சாது. கிணற்றை மீடியத்தால் விளிம்பு வரை நிரப்பி, பிளேட் ஸீலரால் காற்றுக் குமிழ் இல்லாமல் மூடி, தலைகீழாகத் திருப்பி, மிகக் குறைந்த வேகத்தில் 5 நிமிடம் சுழற்றுங்கள். ஒட்டாதவை ஸீலர் பக்கம் போய்ச் சேரும். எல்லாக் கிணற்றிலும் ஒரே விசை என்பதால் கை நடுக்கம் கணக்கில் வராது. பிடி மிகக் குறைவாகத் தெரிந்தால் மீடியத்தில் 1 மில்லிமோலார் மாங்கனீசு சேர்த்த கிணறுகளையும் வையுங்கள். மாங்கனீசு இன்டெக்ரினை விழித்த நிலையில் வைத்திருக்கும், இருக்கும் கைகள் அத்தனையும் நீளும். மாங்கனீசோடும் ஒட்டவில்லை என்றால் அந்தச் செல்லில் அந்தக் கையே இல்லை.

சிவப்பணு முன்னோடிகளை வைத்து இதைச் செய்து பார்ப்பது நல்ல பயிற்சி. 1980களில் ஹார்வி லோடிஷின் ஆய்வகம் காட்டியபடி, எரித்ராய்டு செல்கள், அதாவது இந்தச் சிவப்பணு முன்னோடிகள், இளமையில் ஃபைப்ரோநெக்டினைப் பிடிக்கின்றன, முதிர முதிர அந்தப் பிடியை இழக்கின்றன. மஜ்ஜையை விட்டு ரத்தத்துக்குக் கிளம்பும் பருவமும் அதுதான். மஜ்ஜைச் செல்களை முதிர்ச்சி வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் ஃபைப்ரோநெக்டின் கிணற்றிலும் ஆல்புமின் கிணற்றிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். சுழற்றி முடித்ததும் ஸீலரைப் பிரித்துக் கொட்டாமல், அதில் சேர்ந்தவற்றையும் எண்ணுங்கள். முதிர்ந்த பிரிவின் செல்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.